காய்ச்சல் காலமும் கடல்கடந்த தலயாத்திரையும்: வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வீடு இன்புளுவன்சா என்ற ‘ஃப்ளூ’ காய்ச்சலும் தடிமனும் இருக்கின்ற நேரத்தில், முன்கூட்டியே பணம் கட்டிய யாத்திரைக்குப் போகலாமா, வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் உறவினர்களை எப்படி வைத்துப் பார்ப்பது, விமான நிலையத்தில் மறித்துவிடுவார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றையொன்று ஒத்த கடிதங்களை ஒன்றாக்கி, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய வைத்தியர் ஐயா அவர்களுக்கு, என் தகப்பனாருக்கு 71 வயது, நீண்டகால நீரிழிவு நோயாளி. தாயாருக்கு 66 வயது, மாரி காலத்தில் தொய்வு (ஆஸ்துமா) வரும். இருவரும் அடுத்த மாதம் ஒரு குழுவுடன் பலாலியிலிருந்து சென்னைக்குச் சென்று, அங்கிருந்து வான் வண்டியில் சிதம்பரம், திருவண்ணாமலை, பழனி, இராமேஸ்வரம் பார்த்துவர இருக்கிறார்கள். முழுப் பணமும் கட்டியாயிற்று. இப்போது குழுவில் சிலருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்படுகிறோம். அனுப்புவதா, மறிப்பதா? – வாசகி, சுன்னாகம்.

பதில்: இன்றே மறிக்க வேண்டியதில்லை, ஆனால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்புளுவன்சா தடுப்பூசி உடலில் வேலை செய்யத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுக்கும். புறப்படுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. புறப்படுவதற்கு முதல்நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்பவருக்கு அது இல்லை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், தொய்வு உள்ளவர்கள் ஆகிய மூன்று பிரிவினருமே இந்தக் காய்ச்சலால் நிமோனியா வரை போகக்கூடியவர்கள். உங்கள் பெற்றோர் இந்த மூன்று பிரிவுகளுக்குள்ளும் வருகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் கட்டணத்துக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். வைரஸ் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் வடகோளத்துக்கென ஒருமுறையும் தென்கோளத்துக்கென ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியின் சேர்மானத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே, போன வருடம் போட்டேன் என்று இருந்துவிடக் கூடாது. ஊசி நன்றாகப் பொருந்திவரும் ஆண்டுகளில்கூட அது நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரையான அளவுக்கே நோயைத் தடுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் நோய் வந்தால் அது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போகாமல் பார்ப்பதில் இந்த ஊசிக்கு நல்ல பங்கு உண்டு. ஊசியினால் காய்ச்சலே வந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. அதில் இருப்பது உயிரற்ற வைரஸின் பகுதிகள் மட்டுமே.

இரண்டாவது விடயம் குழுவைப் பற்றியது. இந்த நோய் தொற்றிய ஒருவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், அறிகுறிகள் தெரியத் தொடங்கும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு முதல்நாளே அவர் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார், அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை கொடுத்துக்கொண்டிருப்பார். இப்போது யாருக்குக் காய்ச்சல் என்பது அடுத்த மாதப் பயணத்தைப் பாதிக்காது. புறப்படுவதற்கு முந்திய மூன்று நான்கு நாட்களில் யாருக்குக் காய்ச்சல் என்பதே முக்கியம். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தவர் உங்கள் பெற்றோராக இருந்தாலும், குழுவை நடத்துபவராகவே இருந்தாலும், நின்றுவிட வேண்டும்.

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. காய்ச்சலோடு பனடோலைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வான் வண்டியில் ஏறி உட்காருபவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். வருடக்கணக்காகச் சேர்த்துக் கட்டிய காசு திரும்பி வராது என்று தெரிந்தால் எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஆகவே பணம் கட்டும்போதே, வைத்தியரின் கடிதம் காட்டினால் வேறு திகதிக்கோ அடுத்த குழுவுக்கோ மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாத்திரை நடத்துபவர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: காய்ச்சல்காரருக்குத் திகதி மாற்றிக் கொடுப்பதால் உங்களுக்கு ஏற்படும் செலவு, இராமேஸ்வரத்தில் பத்துப் பேரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு திரிவதை விடக் குறைவு. பயணக் காப்புறுதி எடுப்பவர்கள், தொற்றுநோயினால் ஏற்படும் இழப்பையும் ஏற்கெனவே உள்ள நோயையும் அது உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்று வாசித்துப் பார்த்தபின் கையெழுத்து வையுங்கள். பல காப்புறுதிகளில் இந்த இரண்டும் விலக்கப்பட்டிருக்கும்.

போகும்போது அப்பாவின் மாத்திரைகள், இன்சுலின், சீனி பார்க்கும் கருவி, அம்மாவின் இன்ஹேலர் அனைத்தும் கைப்பையில், வைத்தியரின் துண்டுடன் இருக்கட்டும். பொதியில் போட வேண்டாம். காய்ச்சல் வந்தால் இரத்தச் சீனி ஏறும் என்பதால், சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும். ஒஸெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகம் பயன் தரும். ஆகையால் ‘ஊருக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று இருக்காமல், முதல் நாளே அங்குள்ள வைத்தியரிடம் காட்டும்படி சொல்லி அனுப்புங்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், குறைந்த காய்ச்சல் திரும்பவும் கூடுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தரிசனத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தங்கும் இடத்தில் பொது மண்டபத்தில் வரிசையாகப் படுப்பதைவிட, சற்றுச் செலவானாலும் இருவருக்கு ஒரு அறை எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதத்தில் இருக்கும் ஒரு சாமிக்குப் போகும் வழியில் காய்ச்சல் கண்டால், மலை ஏறாமல் திரும்புவது குற்றமாகுமா? எங்கள் குழுவில் இது ஒவ்வொரு வருடமும் பிரச்சினையாக வருகிறது. – குருசாமி ஒருவர், கோப்பாய்.

பதில்: சாத்திர விதியைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை; அதை நீங்களே நன்கறிவீர்கள். ஆனால் உங்கள் மரபுக்குள்ளேயே ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன். நெருங்கிய உறவில் ஒரு சாவு நிகழ்ந்து துடக்கு வந்துவிட்டால், மாலையைக் கழற்றிவிட்டு அடுத்த வருடம் போவதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. ஐயப்பன் கோபிப்பான் என்று சொல்வதுமில்லை. தள்ளிப்போடுவதற்கு இடமளிக்கும் ஒரு வழிபாட்டில், உடம்பு எரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கும் அந்த இடம் இருக்கும் என்றே நான் நம்புகிறேன். அதைச் சொல்ல வேண்டிய வாய் உங்களுடையது. குருசாமி சொன்னால் சாமிமார் கேட்பார்கள். நான் சொன்னால் அது வைத்தியரின் பயமுறுத்தலாகவே தெரியும்.

வைத்தியக் காரணம் பலமானது. பம்பையிலிருந்து சந்நிதானம் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர், அதில் நீலிமலையும் அப்பாச்சிமேடும் நல்ல செங்குத்து. சுகதேகிகளுக்கே நெஞ்சு அடிக்கும் இடம் என்பதால்தான் வழிநெடுக இருதய சிகிச்சை நிலையங்களும் ஒட்சிசன் கொடுக்கும் இடங்களும் வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இன்புளுவன்சா உறுதிசெய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, அவரது சாதாரண காலத்தோடு ஒப்பிட்டால், ஆறு மடங்கு அளவுக்குக் கூடுகிறது என்று காட்டியது. ஐம்பது வயதைத் தாண்டிய, பிரஷர் உள்ள, வெறும் வயிற்றோடு விரதம் காக்கும் ஒருவர் அந்த ஏழு நாட்களுக்குள் இருமுடியைத் தலையில் வைத்து அப்பாச்சிமேடு ஏறுவது என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மற்றச் சாமிமாரையும் நினைக்க வேண்டும். இந்த யாத்திரையில் தொற்று கூடுதலாகப் பரவும் இடம் மலை அல்ல, வான் வண்டி. இரவில் புறப்பட்டு, கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டியைப் போட்டு, உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிட்டபடி, பன்னிரண்டு பேர் ஒருவரின் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகிறோம். பின் இருக்கையில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே வருகிறார். விடியும்போது அந்தக் காற்றை எல்லோரும் எத்தனையோ தடவை மூச்செடுத்து முடித்திருப்பார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் நிறுத்தி, கதவைத் திறந்து, எல்லோரும் இறங்கி நில்லுங்கள். ஓடும்போது இரு பக்கத்துக் கண்ணாடியையும் ஒரு சாண் இறக்கிவிடுங்கள். வெளிக்காற்றை உள்ளெடுக்கும்படி குளிரூட்டியின் பொத்தானை மாற்றச் சொல்லுங்கள். காய்ச்சல் சாமி முகக்கவசத்துடன் யன்னலோரம் இருக்கட்டும். ஒருவர் துணையோடு அவரைப் பம்பைக்கு முன்னரே ஓர் அறையில் தங்கவைத்து, திரும்பும்போது கூட்டிவருவதற்கான பணத்தைக் குழுவின் பொதுச் செலவில் முதலிலேயே ஒதுக்கிவைத்தால், வழியில் வாக்குவாதம் வராது.

கேள்வி: ஹஜ் கடமைக்காகப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார்கள், இன்புளுவன்சா ஊசியும் வேண்டுமா? காய்ச்சல் பரவினால் ஹஜ்ஜையே நிறுத்திவிடுவார்களா? – வாசகர், சோனகர் தெரு, யாழ்ப்பாணம்.

பதில்: மெனிங்கோகோக்கல் என்ற மூளைக்காய்ச்சலுக்கான நால்வகைத் தடுப்பூசி சவூதி அரேபியாவின் கட்டாய நிபந்தனை. அங்கு போய்ச் சேருவதற்கு ஆகக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னர் போட்டிருக்க வேண்டும். ஊசியின் வகையைப் பொறுத்துச் சான்றிதழ் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இந்த நிபந்தனைக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது: 1987இலும் 2000ஆம் ஆண்டிலும் ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் வழியாக அந்த நோய் பல நாடுகளுக்குப் போனது. இன்புளுவன்சா ஊசி பரிந்துரையின் கீழ் வருகிறது. ஆயினும், மக்காவுக்கு அருகிலுள்ள மினாவின் கூடாரங்களில் நெருக்கமாகத் தங்கி, இலட்சக்கணக்கானோருடன் கஃபாவைத் தவாஃப் சுற்றி, இருமலோடு திரும்பாதவர் குறைவு என்பதை ஹாஜிமார் எவரும் சொல்வார்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டே போங்கள். அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தால் நிமோனியாவுக்கான ஊசியைப் பற்றியும் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

நிறுத்துவார்களா என்ற கேள்விக்கு 2009ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அவ்வாண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த புதிய எச்1என்1 இன்புளுவன்சா வைரஸை, ஜூன் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. ஹஜ் நவம்பர் கடைசியில் இருந்தது. சவூதி அரசு ஜூன் மாதமே ஜித்தாவில் பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்தது. முதியோர், சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளோர் அவ்வருடப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்ற ஆலோசனை அங்கிருந்து வந்தது. துனிசியா தன் நாட்டவரை அவ்வருடம் அனுப்பவே இல்லை. ஆனால் ஹஜ் நடந்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். அஞ்சியபடி பெரிய அழிவு அங்கே ஏற்படவில்லை. மாறாக 2020இல் கொவிட் காலத்தில் சவூதிக்குள் வசித்த ஆயிரம் பேரளவில் மட்டுமே கடமையை நிறைவேற்றினார்கள். 2021இலும் வெளிநாட்டவர் அனுமதிக்கப்படவில்லை. நோயின் கடுமையையும் கையில் தடுப்பூசி இருக்கிறதா என்பதையும் வைத்தே இத்தகைய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. வழமையான பருவகால இன்புளுவன்சாவுக்காக ஹஜ்ஜை நிறுத்துவார்கள் என்று எண்ணக் காரணம் இல்லை.

ஹஜ் சக்தியுள்ளவருக்கே கடமை என்பதையும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், உங்கள் ஊரில் பரவினால் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகளாரின் அறிவுறுத்தலையும் நீங்கள் என்னை விட நன்றாக அறிவீர்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றி மௌலவியிடமும் வைத்தியரிடமும் ஒளிக்காமல் பேசுங்கள்.

முகக்கவசம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2013 முதல் 2015 வரையான ஹஜ் காலங்களில் கூடாரம் கூடாரமாகப் பிரித்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், முகக்கவசம் கொடுக்கப்பட்ட கூடாரங்களில் தொற்றுக் குறைந்ததாகக் காணப்படவில்லை. கொடுக்கப்பட்டவர்களில் பலர் அதை ஒழுங்காக அணியவும் இல்லை. மூக்கை விட்டு இறங்கி நாடியில் தொங்கும் கவசம் ஒன்றையும் தடுக்காது. இருமுகின்றவர் அணிவதும், நெருக்கத்துக்குள் போகும்போது முதியவர் மூக்கையும் மூடி அணிவதும் பொருளுள்ளவை என்பதே என் கருத்து.

கேள்வி: இந்தக் காய்ச்சலை விமான நிலையத்திலேயே சோதித்து மறித்தால் ஊருக்குள் வராதுதானே? ஏன் அரசாங்கம் அதைச் செய்வதில்லை? – வாசகர், மானிப்பாய்.

பதில்: மறிக்க முடியும் என்றால் நானும் மறிக்கத்தான் சொல்வேன். ஒரு காலத்தில் இலங்கைக்கு வருபவர்களை இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரின் முகாமில் சில நாட்கள் தங்கவைத்து, காலரா, அம்மை போன்றவை இல்லை என்று கண்ட பின்னரே கடலைத் தாண்ட விட்டார்கள். தோட்டங்களுக்கு வந்த நம் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட சிரமங்களில் அதுவும் ஒன்று. நாட்கணக்கில் நடந்த பயணத்துக்கும், நாட்களை எண்ணிக் காவல் வைக்கக்கூடிய நோய்களுக்கும் அந்த முறை ஓரளவு பொருந்தியது. இன்றோ சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரமளவில் வந்துவிடுகிறோம். நேற்று மாலை தொற்றிய ஒருவர் இன்று காலை வெப்பமானியின் முன்னால் நிற்கும்போது அவருக்குக் காய்ச்சல் இருக்காது. இருந்தாலும் இரண்டு பனடோல் அதை மறைத்துவிடும்.

2009இல் சீனா மெக்சிகோவிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தியது. பல நாடுகள் வெப்பக் கருவிகளை வைத்தன. வைரஸ் எல்லா இடமும் போயிற்று. மெக்சிகோவுக்கான வெளிநாட்டுப் பயணங்கள் நாற்பது சதவீதமளவில் குறைந்தும், அதனால் மற்ற நாடுகளுக்கு நோய் போய்ச் சேர்வது சராசரியாக மூன்று நாட்களுக்கும் குறைவாகவே தாமதப்பட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினார்கள். அந்த மூன்று நாளுக்குக் கொடுக்கும் விலையோ பெரியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பலாலி – சென்னை விமானச் சேவை மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பரில்தான். அதுவரை சிகிச்சைக்குப் போனவரும் சிதம்பரத்துக்குப் போனவரும் இரவிரவாகக் கட்டுநாயக்கா வரை பஸ்ஸில் போக வேண்டியிருந்ததை எல்லோரும் அறிவோம். கொவிட் போன்ற புதிய கொடிய நோய்க்கு அந்த விலையைக் கொடுப்பதில் நியாயம் இருந்தது. வருடத்தில் இரண்டு தடவை, பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும், நம் நாட்டுக்குள்ளேயே தலைதூக்கும் ஒரு காய்ச்சலுக்காக எல்லையை மூடுவதில் நியாயம் இல்லை.

விமானத்துக்குள் இருக்கும் காற்றைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். பறக்கும்போது வடிகட்டிகள் வழியாகக் காற்று மணிக்கு இருபது தடவைக்குக் குறையாமல் மாறுகிறது. ஆகவே ஆபத்து பெரும்பாலும் உங்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு வரிசைகளுக்குள் இருப்பவரிடமிருந்தே. காற்றோட்டம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு 1977இல் அலாஸ்காவில் நடந்த ஒன்று இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 54 பேருடன் ஒரு விமானம் இயந்திரக் கோளாறினால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. பெரும்பாலானோர் உள்ளேயே இருந்தார்கள், காற்றோட்டம் இயங்கவில்லை, ஒருவருக்கு இன்புளுவன்சா இருந்தது. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் 72 சதவீதமானோர் நோயுற்றார்கள். உள்ளே அதிக நேரம் இருந்தவர்களே அதிகமாக நோயுற்றார்கள். ஆகவே விமானம் தரையில் நீண்ட நேரம் நிற்கும்போதும், குடிவரவு வரிசையில் நெருங்கி நிற்கும்போதும், விமானத்துக்குக் கொண்டுபோகும் பஸ்ஸிலும் முகக்கவசத்தை அணியுங்கள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகின் கீழ்த்தட்டுக்கும் இதுவே பொருந்தும்: அலை அடிக்கும் என்று சிறு யன்னல்களை மூடிவிட்டு, தோள் உரச இருந்தும் நின்றும் போகிறோம். தூரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு. இருமல் உள்ளவர் மேல்தட்டில் காற்றுப்பட நிற்பது நல்லது.

கேள்வி: கனடாவிலிருந்து மகளின் குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிறது. வந்த இரண்டாம் நாளே பேரனுக்குக் காய்ச்சல். வீட்டில் என் தாயார், 84 வயது. தேருக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமா? – வாசகி, கொக்குவில்.

பதில்: பனடோல் கொடுக்காமலே இருபத்துநான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம்; இல்லாவிட்டால் வேண்டாம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடப்பது. இருபத்துநான்காம் நாள் தேருக்கு வர முடியாத பிள்ளை வேறொரு நாள் மாலை வந்து கந்தனைக் கும்பிடலாம். வெளிவீதியில் மணலில் நின்று சுவாமி வருவதைப் பார்ப்பதற்கும், உட்பிரகாரத்தில் வசந்தமண்டபத்தின் முன் நெரிபடுவதற்கும் தொற்று விடயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் வெளிவீதியோடு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

வீட்டில் பாட்டியும் பேரனும் சில நாட்கள் வேறு வேறு அறையில் படுக்கட்டும். ‘ஆசையாய் வந்த பிள்ளை, பாட்டியிட்டைப் போகாதே என்று எப்படிச் சொல்வது’ என்று மனம் கேட்காதுதான். எண்பத்துநான்கு வயது நெஞ்சுக்கு நிமோனியா வருவதை விட அது பெரிய துன்பம் அல்ல. முற்றத்தில், எட்ட இருந்து கதைக்கலாம். பிள்ளைக்கு டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கவே கூடாது. சிறுவருக்கு வைரஸ் காய்ச்சலில் அது ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயை உண்டாக்கக்கூடும். டெங்கு அல்ல என்று தெரியும்வரை புரூபன் போன்ற நோமாத்திரைகளையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மல்லி, வேர்க்கொம்பு அவித்துக் குடித்து, வேது பிடித்தால் போதாதா? – வாசகர், சாவகச்சேரி.

பதில்: உடம்புக்கு இதமாக இருக்கும், தொண்டை ஆறும், தண்ணீரும் உள்ளே போகும்; தாராளமாகச் செய்யுங்கள். வைரஸை அது கொல்லாது. அதைக் குடித்துவிட்டோம் என்று கூட்டத்துக்குள் போகக் கூடாது. கொதிநீர்ப் பானையைப் பிள்ளைகளுக்குக் கிட்ட வைக்காதீர்கள்.

கேள்வி: யாத்திரைக்குப் போகும்போது முன்னெச்சரிக்கையாக அன்டிபயோட்டிக் கொண்டுபோகலாமா? – வாசகி, பருத்தித்துறை.

பதில்: வேண்டாம். இன்புளுவன்சா வைரஸினால் வருவது. அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கு உரியது. வைத்தியர் பார்த்து, நிமோனியா பிடித்துவிட்டது என்று கண்டால் அவர் தருவார்.

கேள்வி: எங்கள் கோயிலில் மகோற்சவம் வருகிறது. வெளிநாட்டு அடியார்கள் பலர் வருவார்கள். பரிபாலன சபை என்ன செய்யலாம்? வெளிநாட்டிலிருந்து வருபவர்களைச் சில நாட்கள் வர வேண்டாம் என்று அறிவிக்கலாமா என்றும் ஒரு கருத்து இருக்கிறது. – சபை உறுப்பினர் ஒருவர், வலிகாமம்.

பதில்: அந்த அறிவித்தலைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பங்குபற்றிய ஒரு வழிபாட்டுக் கூட்டத்தின்பின் நம் மாவட்டத்தில் கொவிட் தெரியவந்தபோது, நோய்ப்பட்டவர்களையே குற்றவாளிகள் போலப் பலர் பேசினார்கள். அப்படிப் பேசும் ஊரில் அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் சொல்ல மாட்டார், ஒளிப்பார்; ஒளித்த காய்ச்சலே அதிகம் பரவும். இன்புளுவன்சா ரொறொன்ரோவிலிருந்து வந்ததா, நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில் பயனும் இல்லை, இரண்டும் நடக்கும்.

செய்யக்கூடியவை வேறு. மண்டபத்தின் கதவுகளும் யன்னல்களும் பூசை நேரத்தில் திறந்தே இருக்கட்டும். மின்விசிறிகளைக் காற்று வெளியே போகும் பக்கம் திருப்பி வையுங்கள். அன்னதானத்தை ஒரே பந்தியில் நெருக்காமல், நேரம் பிரித்து, முடிந்தால் கொட்டகையில் வெளியே கொடுங்கள். பரிமாறுபவருக்கும் விபூதி, தீர்த்தம் கொடுப்பவருக்கும் சவர்க்காரமும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முக்கியமாக, குருக்கள், மேளகாரர், தொண்டர் ஆகியோருக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களுக்குப் பதிலாக நிற்பவர் யார் என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்னரே தீர்மானித்து வையுங்கள். பதில் ஆள் இல்லாததால்தான் காய்ச்சலோடும் வந்து நிற்கிறார்கள். முதியவர்களுக்காகக் கூட்டம் குறைந்த காலைப் பூசையில் இருக்கைகள் போட்டு, அதை முன்கூட்டியே அறிவியுங்கள். வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காக நேரலை ஒளிபரப்பையும் ஒழுங்காகச் செய்யுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் திருவிழா நாட்களை எழுத்தில் அறிவித்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்த்து ஆலோசனை சொல்வார்.

கூட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டிய காலமும் வரலாம். 2009 ஏப்ரல் கடைசியில் மெக்சிகோ நகரில் ஞாயிறு திருப்பலிகள் மக்கள் இல்லாமல் நடத்தப்பட்டன, 2021இல் நம் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் யாத்திரிகர் திரண்டு போக முடியவில்லை. ஆனால் அந்த முடிவை நோயின் தன்மையை அறிந்த சுகாதாரத் துறை எடுக்க வேண்டும், வதந்தி எடுக்கக் கூடாது.

கேள்வி: இந்திய யாத்திரை முடித்து வந்து ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல், குளிர், உடம்பு நோ. இதுவும் அந்தப் ‘ஃப்ளூ’தானா? – வாசகர், காரைநகர்.

பதில்: அங்கே தொற்றிய இன்புளுவன்சா என்றால் நான்கு நாட்களுக்குள் தெரிந்திருக்கும்; ஒன்பதாம் நாள் காய்ச்சலை அப்படி எண்ணி வீட்டில் படுத்திருக்காதீர்கள். இங்கு வந்தபின் தொற்றியிருக்கலாம், ஆனால் மாரி காலத்தில் நம் மாவட்டத்தில் டெங்கு கூடும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் வடமராட்சிப் பக்கம் உயிர்களைப் பறித்த காய்ச்சலை முதலில் என்னவென்று தெரியாமல் இருந்து, பிறகு எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். இருமலும் தடிமனும் இல்லாத காய்ச்சல், கண்ணின் பின்புற நோ, கெண்டைக்கால் தசை நோ, மஞ்சட் கண், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது மலேரியா. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்தியாவில் அந்நோய் இன்னும் இருக்கிறது, நம் ஊரில் அதைப் பரப்பும் நுளம்பும் இருக்கிறது. குளிரும் காய்ச்சலும் விட்டு விட்டு வந்தாலும் வராவிட்டாலும், எந்த வைத்தியரிடம் போனாலும், எந்த ஊர்களில் எத்தனை இரவு தங்கினீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்னரே சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள். மலேரியாத் தடை இயக்கம் அந்தப் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகவே தருகிறது. இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.